ஏலமும் ரொக்கமும்

"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று ஏலம் விடுபவர் கூறி முடித்த அக்கணமே பொருளின் விலை முடிவாகிவிடுகிறது. கூட்டம் கலைந்துவிடுகிறது. ஆனால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள வழக்கு பெரும்பாலும் அதற்குப் பிறகே தொடங்குகிறது. பணத்தை ரொக்கமாகத் தருவதா, காசோலையாகத் தருவதா, வங்கிக் கணக்கில் செலுத்துவதா? இன்றே தருவதா, மாதம் கழித்துத் தருவதா? சரக்கை முதலில் ஒப்படைப்பதா, பணத்தை முதலில் எண்ணி வாங்கிக்கொள்வதா? இணையத்தின் வாயிலாக உலகின் இரு கோடிகளில் இருப்போர் ஏலத்தில் கலந்துகொள்ளும் இந்நாளிலும் இக்கேள்விகள் தீர்ந்தபாடில்லை.

மாணவ நண்பர்களே, இந்தச் சச்சரவுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் கொங்கு நாட்டிலே, திருப்பூர்ப் பருத்திச் சந்தையிலே எழுதப்பட்டது. திருப்பூர் என்றதும் பனியனும் பின்னலாடையும் உங்கள் நினைவுக்கு வரும். அப்பின்னலாடைக்கு நூலும், நூலுக்குப் பஞ்சும், பஞ்சுக்குப் பருத்தியும் மூலமாகும். அந்தப் பருத்தியை விளைவித்தவர் தம் விலைப்பணத்தை எவ்வாறு பெற்றார் என்பதையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் 1930ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சரக்கு விற்பனைச் சட்டம், ஏலத்தைப் பற்றி 64ஆம் பிரிவில் பேசுகிறது. சுத்தியல் விழுந்த உடனோ, அல்லது வழக்கமான வேறு முறையில் முடிவு அறிவிக்கப்பட்ட உடனோ விற்பனை நிறைவுறுகிறது என்பது அதன் கருத்து. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சரக்கை ஒப்படைப்பதும் பணம் தருவதும் உடன்நிகழ வேண்டிய கடமைகள் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு மற்றொன்றையும் கூறுகிறது. மாறான எண்ணம் ஒப்பந்தத்தில் தெரிந்தாலன்றி, பணம் செலுத்தும் காலத்தைப் பற்றிய நிபந்தனை ஒப்பந்தத்தின் உயிர்நிலை ஆகாது என்பதே அது. அதாவது பணம் ஒரு நாள் தாமதமாயிற்று என்பதற்காக மட்டும் விற்பனையை முறித்துவிட முடியாது. விற்றவர் கையை விட்டுப் பொருள் போய்விட்டது. பணமோ வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில்தான் தகராறுகள் எல்லாம் முளைக்கின்றன.

இடைவெளி இருந்தால் அச்சமும் இருக்கும். பணத்தை முன்னே கொடுத்துவிட்டால், வரும் சரக்கு சொன்ன தரத்தில் இருக்குமோ என்பது வாங்குவோர் அச்சம். சரக்கை முன்னே கொடுத்துவிட்டால், பணம் கைக்கு வருமோ என்பது விற்போர் அச்சம். இரண்டும் நியாயமான அச்சங்களே. ஒருவர் அச்சத்தைப் போக்கினால் மற்றவர் அச்சம் பெருகும். ஆகையால் இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அம்மூன்றாமவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பொறுத்தே விற்பவரின் கதி அமைந்தது. வரலாறு நமக்குக் காட்டும் உண்மை இதுதான்.

இதற்கு மிகப் பழைய சான்று இத்தாலி நாட்டில் கிடைத்திருக்கிறது. கி.பி. 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பெயி நகரில், 1875ஆம் ஆண்டு ஒரு வீட்டை அகழ்ந்தபோது மெழுகு பூசிய மரப்பலகைகள் ஏறத்தாழ 150 வெளிப்பட்டன. அவ்வீட்டுக்காரர் லூசியஸ் கசிலியஸ் யுகுந்தஸ் என்னும் வட்டிக்கடைக்காரர். பலகைகளில் பெரும்பாலானவை ஏலத்தில் பொருள் விற்றவர்கள் எழுதித் தந்த ரசீதுகள். தரகுத் தொகை போக மிச்சப் பணத்தை யுகுந்தஸிடமிருந்து பெற்றுக்கொண்டோம் என்று அவர்கள் அவற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏலம் எடுத்தவர் பணம் கட்டும்வரை விற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. வட்டிக்கடைக்காரர் தம் கைப்பணத்தைத் தந்துவிட்டு, வாங்கியவரிடம் பிறகு வசூலித்துக்கொள்வார். அந்தத் தொண்டுக்குக் கூலியே தரகு. அந்த ரோமப் பேரரசின் நாணயங்கள் நம் கொங்கு நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. திருப்பூர் வழியே ஓடும் நொய்யலாற்றின் கரையிலேயே கொடுமணல் என்னும் பழந்தொழில் நகரம் இருந்தது. எனவே வாணிகமும் நாணயமும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல.

இனி, நொய்யற் கரையின் அண்மைக் கால வரலாற்றுக்கு வருவோம். சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1862ஆம் ஆண்டில் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. அது திருப்பூர் வழியே சென்றது. கோயமுத்தூரில் 1888ஆம் ஆண்டில் முதல் நூற்பாலை தோன்றியது. 1904-05 வாக்கில் கம்போடியாப் பருத்தி என்னும் நீண்ட இழைப் பருத்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. கிணற்றுப் பாசனத்தில் கைதேர்ந்த கொங்குக் குடியானவர் அதனை நன்கு வளர்த்தார். இவற்றின் பயனாகத் திருப்பூர் ஒரு பெரும் பருத்திச் சந்தையாக உயர்ந்தது. கொட்டை நீக்கும் ஆலைகளும் பஞ்சை அழுத்திப் பேல் கட்டும் ஆலைகளும் எழுந்தன. இன்றும் பஞ்சு வணிகர் விலை பேசும் கண்டி என்னும் அளவு, 784 ராத்தல் கொண்ட அந்நாளைய அளவேயாகும்; இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 356 கிலோ.

சந்தை வளர்ந்தது, விற்பவரின் நிலை அதற்கேற்ப வளர்ந்ததா? அந்நாளில் நம் நாட்டுச் சந்தைகளில் விலை பேசப்பட்ட விதத்தை நோக்குங்கள். வாங்குபவரின் ஆளும் தரகரும் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்து, விரல்களைத் தொட்டே விலை சொல்லிக்கொள்வார்கள். கால்நடைச் சந்தைகளில் இவ்வழக்கத்தை நீங்களே கண்டிருக்கக்கூடும். பொருளின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார். ஆனால் துண்டுக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. முடிவில் தரகர் ஒரு விலையைச் சொல்வார். அந்த விலையிலிருந்து தரகு, எடைக்கூலி, சாக்குக் கழிவு, தூசிக் கழிவு, மகமை என்று வரிசையாகப் பிடித்தங்கள் கழியும்.

இத்தனையும் கழிந்த பிறகு மிஞ்சிய தொகையாவது உடனே கைக்கு வருமா என்றால், அதற்கும் உறுதி இல்லை. "ஆலையிலிருந்து பணம் வரட்டும், தருகிறோம்" என்பார் மண்டிக்காரர். உடனே வேண்டுமென்று வற்புறுத்தினால், ரொக்கத்துக்கென்று ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். விற்பவர் தமக்குச் சேரவேண்டிய பணத்தைப் பெறுவதற்கே ஒரு விலை கொடுக்க நேர்ந்தது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்குகிறேன். ஒருவரிடம் 10 குவிண்டால் பருத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வணிகர் குவிண்டாலுக்கு 7,000 ரூபாய் கேட்டு, உடனே ரொக்கம் தருகிறார். மற்றொருவர் 7,100 ரூபாய் கேட்கிறார். பணம் ஒரு மாதம் கழித்து. ஏலத்தின் விதிப்படி இரண்டாமவரே வென்றவர். விற்பவருக்கோ 70,000 ரூபாய் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டியில் இருக்கிறது. ஒரு மாதம் காத்திருந்தால் அவருக்கு 1,000 ரூபாய் கூடுதல் கிடைக்கும். ஆனால் வட்டி 1,400 ரூபாய் ஏறியிருக்கும். உயர்ந்த விலைக்கு விற்றவர் 400 ரூபாய் நஷ்டத்தோடு வீடு திரும்புகிறார். வாங்கியவரோ 71,000 ரூபாயை ஒரு மாத காலம் வட்டியின்றி ஆண்டுகொள்கிறார். "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று கடைக்காரர் பலகை எழுதி மாட்டிவிடலாம். வண்டியில் பருத்தியை ஏற்றிக்கொண்டு பத்து மைல் வந்தவர் எங்கே பலகை மாட்டுவார்?

வணிகர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர் பருத்தியை வாங்கி, கொட்டை நீக்கி, பேல் கட்டி, ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆலை தரத்தைச் சோதித்த பிறகே பணம் தரும். அதுவரை அவருடைய முதல் முடங்கிக் கிடக்கும். வாங்கிய பருத்தியில் ஈரமும் மண்ணும் கலந்திருந்தால் நஷ்டம் அவர் தலையில் விழும். ஆகவே பணத்தை நிறுத்தி வைப்பதுதான் தமக்குள்ள ஒரே பாதுகாப்பு என்று அவர் கருதினார். சங்கிலியின் ஒரு முனையில் ஏற்படும் தாமதம் கண்ணி கண்ணியாக இறங்கி, தாங்க முடியாதவர் தலையில் வந்து முடிகிறது. எல்லோருக்கும் கடைசியில் நின்றவர் பயிர் செய்தவரே.

இந்நிலையை மாற்றும் முயற்சி பருத்தியிலேயே தொடங்கிற்று. 1886ஆம் ஆண்டில் காரஞ்சா என்னும் ஊரில் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட முதல் பருத்திச் சந்தை ஏற்பட்டது; அவ்வூர் இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1897ஆம் ஆண்டில் பேரார் பகுதிக்கென்று சந்தைச் சட்டம் ஒன்று வந்தது. மான்செஸ்டர் ஆலைகளுக்குக் கலப்பில்லாத பருத்தி வேண்டும் என்பது ஆட்சியாளரின் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் அதன் விளைவாக விற்பவருக்கும் ஒரு நிழல் கிடைத்தது. பின்னர் லின்லித்கோ பிரபுவின் தலைமையில் 1926ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வேளாண்மை அரச ஆணைக்குழு, 1928ஆம் ஆண்டு அறிக்கையில் இத்தகைய சந்தைகள் நாடெங்கும் ஏற்பட வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

அதன் வழியிலே சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் நிறைவேறியது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகிய மூன்றும் அச்சட்டத்தில் வணிகப் பயிர்கள் எனப்பட்டன. அச்சட்டத்தின்கீழ் மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936ஆம் ஆண்டில் திருப்பூரிலே பருத்திக்காகத் திறக்கப்பட்டது. கொங்கு மக்கள் வாயில் இன்றும் 'கமிட்டி' என்று வழங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு அதுவே மூத்தது.

இச்சட்டம் விலையை நிர்ணயிக்கவில்லை. அதன் வலிமை வேறோர் இடத்தில் இருந்தது. வாங்க வருபவர் உரிமம் பெற வேண்டும். எடைக்கல்லும் தராசும் கமிட்டியின் பார்வையில் இருக்க வேண்டும். என்ன பிடித்தம் செய்யலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தகராறு எழுந்தால் தீர்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். கமிட்டியில் விளைவிப்போரின் பிரதிநிதிகளும் வணிகரின் பிரதிநிதிகளும் இடம்பெற்றனர். பணம் தராத வணிகரைத் தனியொரு குடியானவர் என்ன செய்ய முடியும்? நீதிமன்றத்துக்குப் போனால் வழக்குச் செலவு பருத்தியின் விலையை விழுங்கிவிடும். உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் உள்ள கமிட்டியின் முன் அதே வணிகர் வேறு விதமாக நடந்துகொள்வார். அடுத்த வாரமும் அவர் அந்த வாயிலுக்குள் நுழைய வேண்டுமல்லவா?

எனினும் சட்டத்தால் திறக்க முடியாத பூட்டு ஒன்று இருந்தது. அதுதான் கடன். விதைப்புக் காலத்தில் மண்டியில் முன்பணம் வாங்கியவர், அறுவடைக் காலத்தில் தம் பருத்தியை அந்த மண்டிக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அவர் எந்தக் கூடத்தில் ஏலம் விட முடியும்? பணத்தை எந்த முறையில் கேட்க முடியும்? அவருக்குத் தரவேண்டிய விலை, பேரேட்டில் பற்று வைத்துக் கழிக்கப்பட்டுவிடும். ஆகையால் சந்தையைத் திருத்துவதோடு, காத்திருக்கும் சக்தியையும் விற்பவருக்கு அளிக்க வேண்டியிருந்தது. கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் அப்பணியை மேற்கொண்டன. சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொண்டு அதன்பேரில் ஒரு தொகையைக் கடனாகத் தருவது, நல்ல விலை வந்தபோது ஏலத்தில் விற்றுக் கணக்குத் தீர்ப்பது என்பது அவற்றின் முறை. விற்றவர் பணத்துக்கு ஏங்கி நிற்காதபடி இடையில் ஒருவர் நிற்கும் அந்தப் பொம்பெயி ஏற்பாட்டின் சாயல் இதில் தெரிகிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: இங்கே இடையில் நிற்பவர் விற்பவர்களே சேர்ந்து அமைத்த சங்கம். திருச்செங்கோட்டிலும் அவிநாசியிலும் பருத்தி ஏலம் நடத்தும் சங்கங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டிலும், பின்னர் 1987ஆம் ஆண்டிலும் புதிய விற்பனைச் சட்டங்கள் வந்தன. இக்கூடங்களில் வழங்கும் மறைமுக ஏலம் என்னும் முறையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். திருப்பூர் மாவட்டத்து மூலனூரில் பருத்தி ஏலம் இம்முறையில் நடைபெறுவது வழக்கம். விவசாயிகள் தத்தம் பருத்தியைத் தனித்தனியே வைப்பார்கள். வணிகர்கள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, தாம் தரக்கூடிய விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவார்கள். சீட்டுகளைப் பிரித்து அதிக விலையை அறிவிப்பார்கள். அவ்விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. துண்டுக்குள்ளும் மறைவு இருந்தது. இங்கேயும் மறைவு இருக்கிறது. அங்கே மறைவு விற்பவரை ஏமாற்றப் பயன்பட்டது. இங்கே வணிகர்கள் தமக்குள் கூடிப் பேசி விலையைக் குறைக்காதபடி காக்கப் பயன்படுகிறது.

பணம் தரும் முறையில் அடுத்த பெரிய சச்சரவு காசோலையால் வந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881ஆம் ஆண்டிலேயே இருந்தது. ஆனால் கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால், நெடுங்காலம் அது உரிமையியல் வழக்காகவே நின்றது. 1988ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தால் 138ஆம் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் அது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. காகிதத்தின்மேல் நம்பிக்கையை வளர்ப்பதற்குச் சிறைத்தண்டனை தேவைப்பட்டது என்பதே, அந்நம்பிக்கை எவ்வளவு மெலிந்திருந்தது என்பதற்குச் சான்று. "கையிலே காசு, வாயிலே தோசை" என்று நம்மவர் சொல்வது சும்மா அன்று.

இப்பழைய பூசல் 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு மீண்டும் வெடித்தது. 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. மதிப்பின்படி புழக்கத்திலிருந்த நோட்டுகளில் அவை ஏறத்தாழ 86 விழுக்காடு. அது நாட்டின் பல பகுதிகளில் பருத்தி சந்தைக்கு வரும் காலம். வணிகரிடம் ரொக்கம் இல்லை. காசோலை தருகிறோம் என்றார்கள். விவசாயிகள் பலர் அதை ஏற்க மறுத்துப் பருத்தியை வீட்டிலேயே அடுக்கி வைத்தார்கள். இது அறியாமை என்று நகரத்தார் சிலர் எண்ணினர். விவசாயியின் கணக்கு வேறு. வங்கி தொலைவில் இருக்கிறது. காசோலை பணமாகச் சில நாட்கள் ஆகும். கணக்கில் பணம் ஏறியவுடன் பழைய பயிர்க்கடனுக்கு வங்கி அதை எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளும். பருத்தி எடுத்தவர்களுக்குக் கூலியோ அன்று மாலையே தர வேண்டும். கூலி வாங்குபவர் காசோலையை ஏற்பாரா? பணம் தரும் முறை என்பது வெறும் வசதி அன்று. அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வாரச் செலவே அடங்கியிருக்கிறது.

அதே 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள்தான் தேசிய மின்னணு வேளாண் சந்தை 21 கூடங்களுடன் தொடங்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டுக் கூடங்கள் பலவும் பின்னர் அதில் இணைந்தன. வெளியூர் வணிகரும் கணினி வழியே விலை கேட்கலாம். பணம் வங்கி வழியே விவசாயியின் கணக்குக்கே செல்லும். துண்டுக்கு அடியில் பேசிய விலை இப்போது திரையிலே எல்லோரும் காணத் தோன்றுகிறது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் காணாத சரக்குக்கு விலை கேட்பவர், சரக்கைக் கண்டபின் தரம் குறைவு என்று சொன்னால் என்ன செய்வது? தரத்தைச் சோதித்து எழுதித் தரும் நடுநிலையாளர் அங்கே இருந்தால்தான் பணமும் தடையின்றி வரும்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே பாடம் இருபது ஆண்டுகளுக்குள் மறுபடியும் கற்கப்பட்டது. 1995ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய இணைய ஏலக் கடை, பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. தொடக்கத்தில் ஏலம் எடுத்தவர் காசோலையையோ மணியார்டரையோ தபாலில் அனுப்புவார். அது பணமாகும்வரை விற்றவர் பொருளை அனுப்ப மாட்டார். ஒருவர் மணியார்டர் ஒன்றையே ஏற்பேன் என்பார். மற்றவர் அட்டை வழியே செலுத்தினால்தான் எனக்குப் பாதுகாப்பு என்பார். இச்சிக்கலுக்கு விடையாக வளர்ந்த பேபால் நிறுவனத்தை 2002ஆம் ஆண்டில் ஈபேயே வாங்கிக்கொண்டது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய பாசி என்னும் ஏலத்தளம் 2004ஆம் ஆண்டில் ஈபே வசமாயிற்று. அங்கே பைசாபே என்றொரு முறை வழங்கியது. வாங்குபவர் பணத்தை இடைநிலையாளரிடம் கட்டுவார். விற்பவர் பொருளை அனுப்புவார். அது சேர்ந்த பிறகு பணம் விடுவிக்கப்படும். அத்தளம் 2018ஆம் ஆண்டில் மூடப்பட்டாலும், அது கையாண்ட நெறி நிலைத்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டியதில்லை. இருவரும் நம்பக்கூடிய மூன்றாமவர் இருந்தால் போதும் என்பதே அந்நெறி.

இவ்விடத்தில் மற்றொரு காட்சியையும் காட்ட விரும்புகிறேன். 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியப் பருத்திக் கழகம், தான் கொள்முதல் செய்த பஞ்சுப் பேல்களை மின்னணு ஏலத்தில் விற்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளும் அங்கே வாங்குகின்றன. அங்கே நிபந்தனை விதிப்பவர் விற்பவரே. ஏலம் எடுத்தவர் வைப்புத்தொகை கட்ட வேண்டும்; குறித்த காலத்துக்குள் முழுப்பணமும் செலுத்திச் சரக்கை எடுக்க வேண்டும்; தவறினால் கூடுதல் செலவை ஏற்க வேண்டும். காலக்கெடு போதவில்லை என்று முறையிடுவோர் இங்கே வாங்குபவர்கள். அதே பருத்தி; அதே ஏலம். ஆனால் முறையிடுபவர் மாறிவிட்டார். ஏன்? காத்திருக்கும் சக்தி உடையவர் எப்பக்கம் இருக்கிறாரோ, பணம் தரும் நிபந்தனை அப்பக்கமே சாய்கிறது.

இவ்வுண்மையைச் சட்டம் இயற்றுவோர் சிறிது சிறிதாக உணர்ந்திருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டில் மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டியாக அளித்த மாதிரிச் சந்தைச் சட்டம், விலைப்பணம் அன்றே தரப்பட வேண்டும் என்றும், தவறினால் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு 1 ரூபாய் வீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் கூறியது. 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விளைபொருள் வணிகச் சட்டம் அன்றே, அல்லது மூன்று வேலை நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்றது. வணிகரின் உரிமத்தைப் பிடித்து நிறுத்தும் கமிட்டி இல்லாத இடத்தில் இதை நிறைவேற்றுபவர் யார் என்று விவசாயிகள் கேட்டனர். அச்சட்டம் 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. கால வரையறை எழுதுவது எளிது. அதைக் காப்பாற்றும் கை எது என்பதே வினா.

பருத்தி ஆடையாகிக் கப்பலேறும்போதும் இவ்வினா கூடவே செல்கிறது. திருப்பூர் உற்பத்தியாளர் வங்கியின் உறுதிக் கடிதம் கேட்கிறார். வெளிநாட்டு வணிகர் சரக்கு சேர்ந்து 90 நாள் கழித்துப் பணம் என்கிறார். ஏற்றுமதிப் பணம் வராமற்போகும் அபாயத்துக்கு ஈடு தர 1957ஆம் ஆண்டிலேயே அரசு ஒரு காப்பீட்டுக் கழகம் அமைத்தது. சிறு தொழிலாளிக்கு வேலை கொடுத்து வாங்கியவர் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் விதித்தது. தையற்கூடத்தில் சனிக்கிழமை மாலை கூலிக்காகக் காத்திருப்பவரின் கவலை, சந்தையில் வண்டியருகே காத்திருந்த பருத்திக்காரரின் கவலையே.

மாணவ நண்பர்களே, பணம் தரும் முறை பற்றிய தகராறு என்றால் அற்பமான சில்லறைச் சண்டை என்று நீங்கள் எண்ண வேண்டாம். விலை எவ்வளவு என்பதை ஏலம் சொல்லும். அவ்விலையில் எவ்வளவு உண்மையாகவே விற்றவர் வீடு போய்ச் சேர்கிறது என்பதைப் பணம் தரும் முறைதான் முடிவு செய்யும். விடுமுறையில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குச் சென்று பாருங்கள். பருத்தியோ கொப்பரையோ மஞ்சளோ, எது ஏலத்துக்கு வந்திருந்தாலும் விற்றவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன விலைக்குப் போயிற்று? பணம் எத்தனை நாளில், எந்த வழியில் வந்தது? வராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? முதற் கேள்விக்கான விடை கரும்பலகையிலேயே எழுதியிருக்கும். மற்ற இரண்டுக்கும் அவர் தயங்காமல் விடை சொல்வாரானால், 1936ஆம் ஆண்டில் திருப்பூரில் தொடங்கிய பணி அவ்வூரில் நிறைவேறி வருகிறது என்று கொள்ளலாம்.